மாட வீதி வழியாகத்தான் வந்தோம்

ஏகாம்பரத்துக்கு அம்மா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்த பிறகும் நலமாகத்தான் இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைப் படித்ததும் உன் தங்கை கற்பகம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, மொதல்ல குந்து, தண்ணி கொண்டாறேன்" என்று ஓடினாள். தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. நேரில் பேசும்போது 'நீ' என்று கூப்பிடுகிற பிள்ளை, காகிதத்தில் 'தாங்கள், தாங்கள்' என்று பத்து இடத்தில் எழுதியிருக்கும்போதே ஏதோ வில்லங்கம் வருகிறது என்று தெரிந்துவிட்டது. வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள். ஆகவே தாங்கள் தயவுசெய்து தங்கள் சைக்கிளை வாசலில் நிறுத்தாமல் பின்புறம் விறகுக் கொட்டகையில் போட்டுக் கோணியால் மூட வேண்டும். பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டால் பஸ்ஸில் என்று சொல்ல வேண்டும். நைனாவைக் கூடாரக் காண்டிராக்டர் என்று சொல்ல வேண்டும். அந்த மழைக் கதையைக் கற்பகம் வாய் தவறியும் எடுக்கக் கூடாது. இதனால் இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் அதற்குத் தாங்களே பொறுப்பு. இவ்வளவும் நீ எழுதியது. திருச்சியில் ரயில்வே ஆபீஸில் நாற்காலி கிடைத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அம்மாவுக்கே உத்தரவு போடும் அளவுக்கு வந்துவிட்டாய். நல்லது, பேனா பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே.

அந்தப் பெண் ராஜேஸ்வரியை உனக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டுக் கோபாலபுரத்திலிருந்து திரும்பி வரும்போது நீ டிராமில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதை நான் கவனிக்காமல் இல்லை. அவளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் இப்படி எழுதியிருக்கிறாய் என்பதும் புரிகிறது. பயப்படுவது தப்பில்லை. ஆனால் பயத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறாய் பார், என் சைக்கிள் மேலே! அதனால் இந்தக் கடிதத்தைச் சாவகாசமாக எழுதப் போகிறேன். நீயும் ஆபீஸில் வைத்துப் படிக்காமல், அறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து படி. அந்த மழைக் கதையை நீ மறைக்கச் சொல்கிறாய். உனக்கு அது சரியாக ஞாபகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். உனக்கு அப்போது ஒன்பது வயது, கற்பகத்துக்கு ஐந்து. நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், பிறகு எதை மூடுவது என்று நீயே யோசி.

உன் நைனாவுக்கு மவுண்ட் ரோடு பக்கத்தில் ஒரு கூடாரப் பட்டறையில் வேலை. வேட்டைக்குப் போகும் துரைமார்களுக்கும், சர்வே செய்கிற சர்க்கார்காரர்களுக்கும், கல்யாணப் பந்தல்காரர்களுக்கும் கித்தான் வெட்டித் தைத்துக் கொடுப்பார். அந்தப் பட்டறையில் அவர் கைக்குத் தனி மதிப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே, "இருவது வருசமா கூடாரம் தச்சிக்கினு கீறேன். ஒரு நாளு கூட உள்ள படுத்ததில்ல" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆவணி மாதம் முழுக்க, முதலாளியிடம் கேட்டு வாங்கிய வெட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்டு, நாலு பேர் படுக்கிற மாதிரி ஒரு சின்னக் கூடாரம் தைத்தார். பழுப்பில் ஒரு துண்டு, பச்சையில் ஒரு துண்டு, காக்கியில் இரண்டு துண்டு. ஆயுத பூஜைக்குப் பட்டறைக்கும் லீவு, என் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. பூஜையை முடித்துக்கொண்டு மகாபலிபுரம் வரை சைக்கிளிலேயே போவது, வழியில் கூடாரம் அடித்துத் தங்குவது, விஜயதசமிக்கு மறுநாள் திரும்புவது. இதுதான் ஏற்பாடு.

என்னிடம் சைக்கிள் எப்படி வந்தது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருத்தி சீமைக்குத் திரும்பிப் போகும்போது விட்டுப்போன வண்டி அது. பின்சக்கரத்தில் புடவை மாட்டாமல் இருக்க நூல் வலை பின்னியிருக்கும். உன் நைனாதான் லஸ் பக்கத்துத் தோப்பு ஒன்றில் விடிந்தும் விடியாத நேரத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஏழு நாள் விழுந்தேன், எட்டாம் நாள் அவரை இடித்துத் தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டு போனேன். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. மயிலாப்பூரில் வெள்ளைக்காரச்சி ஓட்டினால் நாகரிகம், ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரச்சி ஓட்டினால் சம்பிரதாயம், முதலியார் வீட்டு மருமகள் ஓட்டினால் மட்டும் உலகம் கவிழ்ந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், நான் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதுவரை எனக்கு ரோஷம் சரியாகவே இருந்தது. அது எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் இரண்டு சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்திப் பூ சுற்றி, கற்பூரம் காட்டினோம். உன் நைனாவின் கத்தரி, கொட்டாப்புளி, கோணி ஊசிகள், மெழுகு நூல் எல்லாம் சாமி முன்னால் வரிசையாக வைத்தாயிற்று. உன் பெரியப்பா பூஜைக்கு வந்தவர், "பூச போட்ட வண்டிய நாளைக்கு மறுபூச ஆவற வரைக்கும் தொடக் கூடாதுடா" என்று கத்தினார். உன் நைனா, "வண்டிக்கு ஓடறதுதாண்ணா பூச. ஊசிக்கு வேணா ஓய்வு குடுக்கறேன்" என்றார். சொன்னபடியே ஊசி, நூல், கொட்டாப்புளி எதையும் எடுக்கவில்லை. கூடாரத்தை எடுத்துக்கொண்டு கூடாரம் தைக்கிற சாமானை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற தையல்காரனை நீ வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? எனக்கும் தோன்றவில்லை. சரஸ்வதிக்கு முன்னால் வைத்ததை எடுப்பது என்ற எண்ணமே எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. எங்களை ஊரே அடங்காதவர்கள் என்றது. அடங்க வேண்டிய இடத்தில் இப்படி ஒழுங்காக அடங்கினோம்.

அவர் வண்டியில் பின்னால் கூடாரச் சுருள், முன் தண்டில் நீ. என் வண்டியில் பின்னால் கற்பகம், முன்னால் தொங்கும் பையில் புளிச்சோறும் சுண்டலும் பொரியும். சாந்தோம் தாண்டும் வரை வெயில்தான். அடையாற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது கடல் பக்கத்திலிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. அந்த வருஷம் ஐப்பசி மழை புரட்டாசியிலேயே முந்திக்கொண்டு வந்துவிட்டது. பாலத்தின் நடுவில் முதல் தூற்றல். "திரும்பிடலாமா?" என்றார் அவர். நீ தண்டின் மேல் உட்கார்ந்தபடி, "வேணாம் நைனா, வேணாம் நைனா" என்று மணியை அடித்துக்கொண்டே இருந்தாய். ஆமாம், நீதான். மறந்துவிட்டிருப்பாய். உங்கள் இரண்டு பேருக்கும் கோணியை மடித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். திருவான்மியூர் தாண்டியதும் பாதை முழுக்க மணல். சைக்கிள் நம்மைச் சுமந்தது போய் நாம் சைக்கிளைச் சுமந்தோம். மகாபலிபுரம் எங்கே, நாங்கள் எங்கே! பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு சவுக்குத் தோப்பு வரைக்கும்தான் போய்ச் சேர முடிந்தது. எட்டிப் பார்த்தால் மீன்பிடிக்கிறவர்கள் குப்பம், அதற்கு நடுவில் சின்னதாக ஒரு மாதா கோயில்.

கூடாரத்தை உன் நைனா எழுப்பிய அழகை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கொட்டாப்புளி இல்லாததால் கல்லை எடுத்து முளைகளை அடித்தார். கயிறுகளை இழுத்து இழுத்துக் கட்டினார். விரலால் சுண்டினால் 'டொய்ங்' என்று சத்தம் வர வேண்டுமாம். பட்டறையில் சாமான் வாங்க வருகிறவர்களுக்கு அப்படித்தான் கட்டிக் காட்டுவார்களாம். உள்ளே போய்ப் படுத்து, கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "இத்தினி நாளா இத்த வித்துக்கினு இருந்தேனே, வாங்கனவன் எவ்ளோ சொகமா படுத்திருப்பான்" என்றார். நாங்கள் நாலு பேரும் நமுத்த பொரியைத் தின்றுகொண்டு, மழை கித்தான் மேல் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏகாம்பரம், உண்மையைச் சொல்கிறேன், என் கல்யாண நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக மயிலாப்பூர் முழுக்க என்னை ஏசட்டும்.

மழை வலுத்தது. கயிறுகள் முறுக்கிக்கொண்டு கிறீச் கிறீச் என்றன. கூடாரம் விறைத்துப்போய் நின்றது. உன் நைனா, "பாத்தியா, மழைக்கு எவ்ளோ கெட்டியா நிக்குது" என்று பெருமையாகச் சொல்லி வாய் மூடவில்லை, பச்சைத் துண்டும் காக்கித் துண்டும் சேர்கிற தையல் நெடுக டர்ரென்று பிரிந்தது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டு பறந்தது. கம்பம் சாய்ந்தது. அடுத்த நிமிஷம் நாலு பேரும் ஈரக் கித்தானுக்குள் மூட்டையாகக் கிடந்தோம். கற்பகம் வீறிட்டாள். நீ சிரித்தாய். அவர் வெளியே தவழ்ந்து வந்து, பிரிந்த தையலைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஊசி... ஊசி" என்றார். ஊசி மயிலாப்பூரில் சரஸ்வதி முன்னால் சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் ஓய்வாக இருந்தது.

சத்தம் கேட்டுக் குப்பத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சூசை என்கிற கட்டுமரக்காரர், அவர் சம்சாரம் அந்தோணியம்மா. அந்த அம்மா என்னைப் பார்த்தாள், இரண்டு சைக்கிளைப் பார்த்தாள், கோணிக்குள் இருந்த உங்களைப் பார்த்தாள். "இன்னா கூத்தும்மா இது? புள்ளைங்கள இட்டுக்கினு மழையில குடித்தனம் பண்ண வந்தியா?" என்று கேட்டுவிட்டுக் கற்பகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கேட்டது திட்டு மாதிரி இருந்தாலும் குரலில் சிரிப்பு இருந்தது. சூசை மட்டும் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உன் நைனாவிடம், "கயிறு நனஞ்சா சுருங்கும்னு தெரியாதா நைனா? மழ வந்தா தளத்தி வுடணும். இப்டி இஸ்து கட்னா கித்தான் கீசிக்கினு பூடாதா?" என்றார். உன் நைனா முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபது வருஷம் கூடாரம் தைத்தவருக்குக் கட்டுமரம் ஓட்டுகிறவர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. வெட்கப்பட்டாரா? இல்லை. "அய்ய, இத்த ஒர்த்தனும் எனக்கு சொல்லலியே!" என்று ஆச்சரியப்பட்டார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆம்பிளையை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீ அவர் பிள்ளை.

சூசை வீட்டில் பாய் தைக்கிற ஊசி இருந்தது. கட்டுமரத்துப் பாயும் ஏறக்குறைய கித்தான்தானே. உன் நைனா தயங்கி, "இன்னிக்கி ஆயுத பூச, ஊசிய தொடக் கூடாது..." என்று இழுத்தார். அந்தோணியம்மா அடுப்பை ஊதியபடியே, "அது உங்க ஊட்டு ஊசிக்குய்யா. எங்க ஊசிக்கு லீவு கெடையாது, தைய்யி" என்றாள். தைத்தார். அவர் ஒரு முனையும் சூசை ஒரு முனையுமாக உட்கார்ந்து தைத்த தையல் அது. இன்னும் பிரியவில்லை. அந்த வீட்டில்தான் படுத்தோம். மீன் குழம்பு போட்டாள். சரஸ்வதி பூஜை நாளில் மீன் தின்றோம் என்று பிற்பாடு உன் பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டாரே, அந்த மீனை மூன்று தபா கேட்டு வாங்கித் தின்றது யார் என்று நினைக்கிறாய்? நீதான். நாலாவது தபாவும் கேட்டாய், நான்தான் தொடையில் கிள்ளினேன்.

மறுநாளும் மழை விடவில்லை. மதியத்துக்கு மேல், நனைந்து கனத்துப்போன கித்தானைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சாந்தோம் வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அன்று விஜயதசமி, மாட வீதியில் சாமி புறப்பாடு. நாகஸ்வரம் கேட்கிறது, குடையும் கும்பலுமாக ஊரே தெருவில் நிற்கிறது. நாங்கள் சேறும் மணலுமாக, தலைவிரி கோலமாக, மீன் வாசனையோடு. உன் நைனா மெதுவாக, "சந்து வழியா பூடலாமா?" என்றார். நான்தான், "எதுக்கு? யாரு ஊட்டயாச்சும் கொள்ளையடிச்சிக்கினு வந்தோமா?" என்று கேட்டுவிட்டு வண்டியை மாட வீதிக்குத் திருப்பினேன். சாமிக்கு வழிவிட்டு இறங்கி நின்று கும்பிட்டோம். குருக்கள் உங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் விபூதி வைத்தார். சாமி ஒன்றும் சொல்லவில்லை. குடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்த எங்கள் பள்ளிக்கூடத்து மானேஜரும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரைக்கும் சொன்னதில் நான் வெட்கப்பட ஒரு எழுத்து இல்லை. வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது. இதை நான் உன் நைனாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நீ அப்போது அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் படித்தாய்; சாயங்கால மணி அடித்துவிட்டதால் என் பின்னாலேயே வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மேஜை மேல் ஒரு காகிதம், ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. ஒரு ஆசிரியைக்குத் தகாத முறையில், ஈர உடையுடன், பொது வீதியில், பண்டிகை நாளில் சைக்கிளில் வந்தது என் தவறு; குழந்தைகளை மழையில் அலைக்கழித்ததும் என் தவறு; இனிச் செய்வதில்லை. "கையெழுத்து போட்டுடுங்க டீச்சர். பெத்தவங்க வந்து கேக்கறாங்க. நான் எத்தினி பேருக்கு பதில் சொல்றது?" என்றார். போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பிள்ளைகள் எதிரில் கரும்பலகையில் எழுதும்போது எனக்குள் ஒன்று நிமிர்ந்து நிற்குமே, அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். மாட வீதியில் அவ்வளவு வாய் பேசியவள், மேஜைக்கு முன்னால் பேனாவை மையில் தொட்டு, பேரை முழுசாக, அழகாக எழுதினேன்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். வயிற்றுக்கும் வேலைக்கும் வளைவது உலகத்தில் நடப்பதுதான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது, குளத்துப் படிக்கட்டுப் பக்கம், நீ என் கையை இழுத்து, "அம்மா, நாம தப்பு பண்ணமா?" என்று கேட்டாய். அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'இல்லடா கண்ணு, அம்மாவுக்குப் பயம், அதனால போட்டேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதானே உண்மை. நான் சொன்னது, "ஆமா. வாய மூடிக்கினு வா." நீ வாயை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு சூசை வீட்டுப் பேச்சை நீ எடுத்ததே இல்லை. கூடாரத்தைப் பரணில் போட்டோம். என் சைக்கிள் சுவரில் சாய்ந்து துருப்பிடித்தது. நீ இன்று திருச்சியிலிருந்து கோணி போட்டு மூடச் சொல்கிறாயே, அந்தக் கோணியை முதலில் போட்டவள் நான். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை என்று நீ நினைத்துக்கொள்ளாதே, வாய் இருக்கிறது. என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஐந்து வருஷம் நடந்தே போனேன். அப்புறம் ஒரு நாள் காலேஜில் படிக்கிற மானேஜர் மகள், புத்தம்புது சைக்கிளில் ஜோராகப் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினாள். அவர் என்னைப் பார்த்து அசடு வழிய, "காலம் மாறிட்ச்சி டீச்சர்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! காலம் தானாக மாறியதா? எத்தனை பேர் விழுந்து, எத்தனை பேர் ஏச்சு வாங்கி, எத்தனை பேர் நனைந்து அதை மாற்றியிருப்பார்கள்? அதில் நானும் ஒருத்தியாக இருந்திருக்க வேண்டியவள். பாதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். "அப்படின்னா அந்தக் காகிதத்த குடுங்க சார், கிழிச்சிப் போடறேன்" என்றேன். எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார். என் மானம் தொலைந்த காகிதமும் தொலைந்துவிட்டதாம். அன்று சாயங்காலமே உன் நைனா துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டார். மறுநாளிலிருந்து ஓட்டுகிறேன். இந்த மாம்பலத்து வீட்டுக்கு வந்த பிறகு, மழைக்காலத்தில் வாசல் வரை தண்ணீர் நிற்கிறது. ஏரியைத் தூர்த்து வீடு கட்டினால் ஏரி வந்து எட்டிப் பார்க்கத்தானே செய்யும். அந்தத் தண்ணீரிலும் ஓட்டுகிறேன். எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. முழங்கால் வலிக்கிறது. ஓட்டுவேன்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், அம்மா புத்தி சொல்லாமல் விடுவாளா என்று பார்த்துக்கொண்டிருப்பாய். கயிறு நனைந்தால் தளர்த்த வேண்டும் என்பதை வைத்து உனக்கு ஒரு நீதிக்கதை சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே. அது கயிற்றைப் பற்றியது, கூடாரம் அடித்தால் ஞாபகம் வைத்துக்கொள். நான் சொல்வது வேறு. வீட்டுக்கு வருகிறவள் முன்னால் எதையாவது மூடி வைத்துத்தான் அவளைக் கொண்டுவர முடியும் என்றால், பிறகு ஆயுசு முழுக்க அதை மூடிக்கொண்டே இருக்க வேண்டும். நானும் உன் நைனாவும் பஞ்சத்தில் அடிபட்டிருக்கிறோம், ஒருத்தரை ஒருத்தர் திட்டிப் பட்டினி கிடந்திருக்கிறோம், மழையில் கித்தானுக்குள் மூட்டையாகக் கிடந்திருக்கிறோம். ஒருத்தருக்காக ஒருத்தர் வெட்கப்பட்டதில்லை. உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். தையல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

இனி முக்கியமான சங்கதி. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இன்று காலை நானே கோபாலபுரம் போய்விட்டேன். சைக்கிளில்தான். வழியெல்லாம் மழை.

கதவைத் திறந்த பெண்ணின் அம்மா, "அய்யய்யோ, இன்னாங்க சம்பந்தி, இப்டி நனஞ்சிக்கினு வந்து நிக்கறீங்க! வண்டி கெடைக்கலியா?" என்று பதறினாள். "வண்டியிலதான் வந்தேன்" என்று சைக்கிளைக் காட்டினேன். உட்கார வைத்தார்கள். காபி வந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வரும்போது இந்த வண்டி வாசலில்தான் நிற்கும். என் புருஷன் கூடாரத் தையல்காரர், காண்டிராக்டர் இல்லை. நாங்கள் ஒரு பண்டிகை நாளில் பிள்ளைகளோடு மழையில் போய் மீனவர் வீட்டில் சாப்பிட்டுப் படுத்து வந்தவர்கள். அது தப்பு என்று நான் ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டேன், அந்தக் கையெழுத்துதான் தப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஊட்ல பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கறோம்மா. எதுக்கும் ஞாயித்துக்கெழம வரோம்" என்றார். அந்த 'எதுக்கும்' என்ற வார்த்தை எனக்கும் காதில் விழுந்தது. இந்தச் சம்பந்தம் முறிந்தாலும் முறியலாம் என்று தெரிந்தே வெளியே வந்தேன். முறிந்தால் முறித்தவள் நான்தான். யார் கேட்டாலும் அப்படியே சொல், என்னை இடித்துச் சொல்.

வண்டியை எடுக்கப் போகும்போது ராஜேஸ்வரி துண்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளே சைக்கிள் சீட்டைத் துடைத்தாள். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக, "அத்தே, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள். கேளம்மா என்றேன். "நீங்க இதெல்லாம் சொன்னது எனக்கு புடிச்சிருந்திச்சி. ஆனா இந்த சைக்கிளப் பத்தி அவரு இன்னா நெனைக்கிறாரு? அத்த நீங்க சொல்லவே இல்லியே."

உன் கடிதம் என் இடுப்பில் மடித்துச் செருகியிருந்தது. "அவனையே கேளும்மா" என்றேன். "ஞாயித்துக்கெழம நானும் வரேன், கேக்கறேன்" என்றாள். அவள் கேட்டே தீருவாள், கண்ணைப் பார்த்தேன்.

லீவு இல்லை, கிடைக்காது என்று எழுதாதே. சனிக்கிழமை ரயிலைப் பிடித்து வந்து சேர். ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னைக் கேட்கும்போது நான் பக்கத்தில்தான் இருப்பேன். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன்.